பின் சக்கரம் இழுக்குது

"பெட்ரோல் எங்க போவுது?" என்று கேட்டேன். "பின் சக்கரம் இழுக்குது" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ சாக்கு கேட்டிருக்கிறேன். பஸ் வரவில்லை, செல்போனில் சார்ஜ் இல்லை, வழியில் தெரிந்தவர் பிடித்துக்கொண்டார். சக்கரத்தின் மேல் பழி போட்டது அதுதான் முதல் தடவை. யார் காதில் பூ சுற்றுகிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரரிடம் இவர் ரொம்ப வருடம் டிரைவராக இருந்தார். அந்த மனுஷர் ஒரேயடியாகத் தன் நாட்டுக்குத் திரும்பியபோது, தன்னுடைய பழைய ஜெர்மன் மோட்டார் சைக்கிளை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எருமைக் கனம். இன்ஜின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். செயின் கிடையாது. செயினுக்குப் பதிலாக ஒரு குழாய்க்குள்ளே இரும்புத் தண்டு பின்னால் வரைக்கும் போகிறது. அந்தத் தண்டு சுற்றினால், பின் சக்கரத்தை ஒட்டியிருக்கும் டப்பாவில் பல்சக்கரங்கள் சுற்றும், அவை சக்கரத்தைச் சுற்றும். "ஷாஃப்ட் வண்டி" என்று இவர் சொல்லும்போது வாய் நிறையும். வில்லியனூர் முழுக்க அதற்கு "செயின் இல்லாத வண்டி" என்றுதான் பேர்.

நாங்கள் இருப்பது வில்லியனூர் பக்கம். இவருடைய அப்பா விட்டுப்போன நிலம் பாகூர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. டிரைவர் வேலை போன பிறகு தினமும் காலையில் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு பாகூருக்குப் போவார், மதியம் சாப்பாட்டுக்கு வருவார். நான் வீட்டில் மோட்டார் வைத்த மெஷினில் பிளவுஸ் தைக்கிறேன். பெட்ரோலுக்கு என் தையலிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அதனால் அது எங்கே போகிறது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

ஒரே ரோடு, ஒரே தூரம். முன்பு ஒரு தடவை போட்டால் வாரம் ஓடிய பெட்ரோல், இப்போது நடுவிலேயே தீர்ந்துபோகிறது. கேட்டால் சக்கரம் இழுக்கிறதாம். "ஆக்ஸிலேட்டர வுட்டா வண்டி அப்படியே உருண்டு போவணும்மா. இது யாரோ பின்னாடி புடிச்சி இழுக்கிற மாதிரி நிக்குது" என்று விளக்கினார். யாரோ பிடித்து இழுக்கிறார்களாம்! அந்த 'யாரோ' எவள் என்றுதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சும்மா சந்தேகப்படுகிறவள் இல்லை நான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து மங்கலம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். இறங்கியதும் ஏதோ கருகிய நாற்றம் அடித்தது. பின் சக்கரத்துப் பக்கத்து டப்பாவில் பாட்டில் தண்ணீரைத் தெளித்தேன், சுர்ரென்றது. தோசைக்கல் கெட்டது போங்கள். "பாத்தியா? நான் சொன்னா நம்பமாட்ட" என்று இவர் முகத்தில் ஒரே சந்தோஷம். ஒரு மனுஷனுக்குத் தன் வண்டி ரிப்பேரானதில் அத்தனை சந்தோஷம் வந்தால் எந்தப் பெண்டாட்டிக்குச் சந்தேகம் வராது?

மறுநாள் மெக்கானிக்கிடம் நானும் கூடவே போனேன். தெரிந்த பையன், என்னை அக்கா என்பான். வண்டியை நடு ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைக் கையால் தள்ளினான். ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் நின்றுவிட்டது. பக்கத்தில் ரிப்பேருக்கு வந்திருந்த சாதாரண வண்டிச் சக்கரத்தை ஒரு தட்டு தட்டினான், அது ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இழுக்குதுல்ல?" என்றார் இவர்.

"இல்லண்ணே, ஷாஃப்ட் வண்டின்னா கையால சுத்தறப்ப இப்படித்தான் கனமா இருக்கும். பல்சக்கரம், பேரிங்கு, கெட்டி ஆயில் எல்லாத்தையும் சேத்துல்ல நம்ம கை சுத்துது. இன்ஜின் பவர்ல கொஞ்சம் அங்கயே போயிடும். அது எப்பவும் போற கணக்கு. இப்ப திடீர்னு பெட்ரோல் குடிக்கிறதுக்கு அது காரணமில்ல."

நான் இவரைப் பார்த்தேன். இவர் வண்டியைப் பார்த்தார்.

பையன் டப்பாவிலிருந்து ஆயிலை இறக்கினான். இரும்புத் தூள் ஒன்றும் இல்லை, நல்லெண்ணெய் மாதிரி சுத்தமாக வந்தது. அப்புறம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான். பின் பிரேக் கட்டை தேய்ந்து, கண்ணாடி மாதிரி பளபளத்தது. "அண்ணே, கோச்சிக்காத. பிரேக் பெடல்ல கால வச்சிக்கினே ஓட்டறியா?"

அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்! "இன்னாடா, என்ன கத்துக்குட்டின்னு நினைச்சியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வெள்ளைக்காரன ஏத்திக்கினு ஊரெல்லாம் ஓட்டனவன்டா நான். பிரேக்ல கால வப்பனா? எங்கம்மா மேல சத்தியமா வக்கலடா!"

செத்துப்போன மாமியார் மேல் இவர் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார். அது எனக்குத் தெரியும். ஆகவே பிரேக் விஷயத்தை அப்போதே மனதிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டேன். பையனும் புதுக் கட்டை மாட்டி, வண்டியைக் கோயில் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "வெண்ண மாதிரி போவுதுண்ணே, ஒண்ணுமே இழுக்கல" என்றான். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. இவர் அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், திரும்பவும் இழுக்கிறது என்றார்.

என் தம்பியைக் கூப்பிட்டேன். அவனுக்கு வண்டி என்றால் உயிர். நெட்டப்பாக்கம் வரைக்கும் போய் வா என்று அனுப்பினேன். சிரித்துக்கொண்டே திரும்பினான். "அக்கா, சூப்பரா போவுதுக்கா. மாமாவுக்குத்தான் வயசாயிடுச்சி. பிரேக் லைட்டு மட்டும் எரியல, பல்பு போயிருக்கு. நல்ல எல்.இ.டி. பல்பா மாத்தியிருக்கேன்."

மெக்கானிக் ஓட்டினால் இழுக்கவில்லை. தம்பி ஓட்டினால் இழுக்கவில்லை. இவர் ஓட்டினால் மட்டும் இழுக்கிறது. வண்டிக்கு ஆள் தெரியுமா என்ன? இரும்புக்கு அவ்வளவு புத்தி இருந்தால் அது ஏன் எங்கள் வீட்டில் வந்து மாட்டிக்கொள்ளப் போகிறது? பாகூருக்குப் போகிற மனுஷன் வேறெங்கோ சுற்றிவிட்டு வருகிறார். சுற்றுகிற அவசரத்தில் விரட்டி விரட்டி ஓட்டுகிறார், அதனால்தான் அந்தச் சூடும் நாற்றமும். சந்தேகம் எனக்குச் சந்தேகமாகவே இல்லை. கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

அதோடு செருப்பு.

ஒரு நாள் மதியம் இவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இடது காலில் இருக்கிறது, வலது காலில் இல்லை. "இன்னொண்ணு எங்க?" என்று கேட்டேன். குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டு, "அட, காணோமே" என்றார். புதுச் செருப்பு வாங்கினோம். கொஞ்ச நாள் கழித்து அதிலும் வலதைக் காணோம்.

"எங்கய்யா வுட்ட?"

"தெரியலம்மா."

"கால்ல போட்ட செருப்பு கழண்டு வுழுந்தா ஒரு ஆளுக்குத் தெரியாதா?"

"தெரியலன்னா இன்னா பண்ணச் சொல்ற?"

நம்ம ஊரில் செருப்பை எங்கே கழற்றுவோம்? வாசலில். இன்னொரு வீட்டு வாசலில். போகும்போது நிதானமாகக் கழற்றிவிட்டு, வரும்போது யாரோ வருகிற சத்தம் கேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ஓடிவந்தால்தானே இன்னொன்று அங்கேயே கிடக்கும்? இதைக் கண்டுபிடிக்கப் போலீஸ் மூளை வேண்டுமா? ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு வருகிற அளவுக்கு என்ன அவசரம் என்று நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தைக்க வந்த பிளவுஸில் கையை மாற்றி வைத்துத் தைத்தேன்.

கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு டீக்கடை உண்டு. நடத்துகிறவள் நல்ல சிவப்பாக, சிரித்த முகமாக இருப்பாள். "அவ போடற டீயே தனி" என்று இவர் எப்போதோ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. சர்க்கரை வியாதிக்காரருக்கு டீ மேல் என்ன அத்தனை ஆசை? ஆமாம், இவருக்கு சுகர் உண்டு. மாத்திரை சாப்பிடுகிறார். எப்போது கேட்டாலும் "கண்ட்ரோல்ல கீதும்மா" என்பார். சட்டைப் பையைத் தடவினேன், செல்போனை நோண்டினேன், பெட்ரோல் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன். இவர் சொன்னதில் அந்த ஒன்றைத்தான் கேள்வியே கேட்காமல் நம்பினேன்.

இனிமேல் கையும் களவுமாகப் பிடித்தால்தான் சரி. பிடித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முடிவு செய்திருந்தேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விடுவது. இத்தனை வருடம் வாழ்ந்த வீடு, போனால் போகட்டும். பொய் சொல்கிறவரோடு ஒரே கூரையில் இருக்க முடியாது. தம்பியிடம் அவனுடைய ஸ்கூட்டரையும் தலையை முழுக்க மூடுகிற ஹெல்மெட்டையும் கேட்டு வாங்கினேன். "எதுக்குக்கா?" என்றான். "கோயிலுக்கு" என்றேன். ஹெல்மெட்டில் அவன் தலை எண்ணெய் நாற்றம் தாங்கவில்லை.

காலையில் இவர் கிளம்பியதும் தெருமுனையில் காத்திருந்து பின்னாலேயே போனேன். நடுவில் ஒரு வேன் போகிற அளவுக்கு இடம் விட்டேன்.

முதலில் என் கண்ணில் பட்டது அந்தச் சிவப்பு லைட்டுதான். தம்பி மாட்டின புது பல்பு, வெயிலிலும் பளிச்சென்று தெரிந்தது. ரோடு காலியாக இருக்கிறது, வேகத்தடை இல்லை, குறுக்கே ஆடு மாடு இல்லை. பிரேக் லைட்டு மட்டும் எரிந்துகொண்டே போகிறது. 'அடப்பாவி, என்னைப் பாத்துட்டாரு' என்று நினைத்தேன். பின்னால் வருகிற ஆளை முன்னால் போகவிடத்தான் பிரேக் போடுகிறார் என்றுதான் எனக்கு அப்போது புத்தி போயிற்று. நானும் வேகத்தைக் குறைத்தேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. இவர் நின்று, இரண்டு காலையும் தரையில் ஊன்றினார். லைட்டு அணைந்தது. ரயில் போய் கேட் திறந்ததும் கிளம்பினார், காலைத் தூக்கி மேலே வைத்தார், லைட்டு எரிந்தது. எரிந்தது எரிந்தபடியே போனது. கெட்டுப்போன லைட்டாக இருந்தால் நிற்கும்போது ஏன் அணைகிறது? பிரேக்கை மிதிக்கிறார். மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரையும் முறுக்குகிறார். மெக்கானிக் பையன் கேட்டதற்கு அம்மா மேல் சத்தியம் செய்தாரே! இப்போது என் கோபம் டீக்கடைக்காரியை விட்டுவிட்டு அந்தச் சத்தியத்தின் மேல் போய் உட்கார்ந்தது. இதற்கே பொய்ச் சத்தியம் செய்கிறவர் எதற்குத்தான் செய்யமாட்டார்?

மங்கலம் தாண்டி ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கிய குலுக்கலில் இவருடைய வலது கால் செருப்பு கழன்று ரோட்டில் விழுந்தது. என் கண்ணெதிரே விழுந்தது. இப்போது நிற்பார், திரும்புவார் என்று நான் ஓரம் கட்டினேன். நிற்கவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. வெறுங்காலை அந்த இரும்புப் பெடல் மேல் வைத்தபடி, சிவப்பு லைட்டு எரிய, போய்க்கொண்டே இருந்தார்.

ஸ்கூட்டரை நிறுத்தி அந்தச் செருப்பை எடுத்தேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஏதோ திட்டிவிட்டுப் போனான். செருப்பு இன்னும் இளஞ்சூடாக இருந்தது. 'கால்ல போட்ட செருப்பு கழண்டு வுழுந்தா ஒரு ஆளுக்குத் தெரியாதா?' என்று நானே கேட்டது எனக்குக் கேட்டது. தெரியாமலும் இருக்குமா? செருப்பை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுவிட்டு மறுபடியும் பின்னாலேயே விரட்டினேன்.

கரிக்கலாம்பாக்கத்தில் டீக்கடைப் பக்கம் இவர் தலைகூடத் திரும்பவில்லை. நேராக பாகூர். ஏரிக்கரைக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, ஒற்றைச் செருப்போடு கரை மேல் ஏறினார். ஓரமெல்லாம் வேலிக்காத்தான் முள். ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்த இடத்தில் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பார்கள். இவர் சிமெண்ட் ரோட்டில் நடக்கிற மாதிரி நடந்தார்.

"யோவ்!" என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தியதில் எனக்கே காது அடைத்தது. கழற்றிவிட்டு மறுபடி கத்தினேன். "அப்படியே நில்லுய்யா! கால எடுத்து வக்காத!"

திரும்பிப் பார்த்து மிரண்டுபோனார். "நீ எங்கடி இங்க? வூட்டுல யாருக்குனா இன்னாவது ஆயிடுச்சா?"

அவரைக் கரையில் பிடித்து உட்கார வைத்தேன். வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். பெடல் படுகிற இடத்தில் தோல் கன்றிக் கறுத்திருந்தது, ஓரத்தில் ஒரு கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. குதிகாலுக்கு மேலே ஒரு முள் உடைந்து உள்ளே நின்றது. இன்றைக்கு ஏறிய முள் இல்லை. சுற்றிலும் சதை வெளுத்து, அழுத்தினால் சீழ் வந்தது. எத்தனை நாளாக அந்த முள்ளோடு நடந்தாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். சேஃப்டி பின்னால் நோண்டினேன். சின்னப் பிள்ளைக்கு எடுத்தால்கூட ஊரைக் கூட்டும். இவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே, "தண்ணி நல்லாத்தான் கீது, இந்த வருசம் கவல இல்ல" என்றார். அப்புறம் கீழே பார்த்து, "இன்னா தேடற?" என்றார்.

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பிரேக்கில் கால் வைக்கவில்லை என்று இவர் செய்தது பொய்ச் சத்தியமே இல்லை. கால் பெடல் மேல் இருப்பது அந்தக் காலுக்கே தெரியவில்லை. என் மெஷினில் புதிதாகத் தைக்க வருகிற பெண்கள் பெடலில் கால் வைத்ததை மறந்து பேசுவார்கள், மெஷின் ஓடும். ஓடுகிற சத்தம் கேட்டதும் எடுத்துவிடுவார்கள். இவருக்குக் காலை எடு என்று சொல்ல, காலிலிருந்து எதுவுமே மேலே போய்ச் சேரவில்லை. தேய்ந்தது, சூடானது, பெட்ரோல் குடித்தது எல்லாம் அதனால்தான். பிரேக்கும் பல்சக்கர டப்பாவும் ஒரே இடத்தில் இருக்கிற வண்டி. சூட்டைப் பார்த்து எல்லோரும் ஷாஃப்டைத் திட்டிவிட்டோம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்துவந்தார்கள். "கண்ண மூடிக்கோங்க. கால்ல எப்ப படுதோ அப்ப சொல்லுங்க" என்றார்கள். இவர் நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடினார். பெருவிரலில் வைத்தார்கள், பேசவில்லை. சுண்டு விரல், உள்ளங்கால், குதிகால். இழை வளைகிற அளவுக்கு அழுத்தினார்கள். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். 'சொல்லுய்யா, தொடறாங்கய்யா, சொல்லு' என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. வலது கால் முழுக்க முடித்துவிட்டு டாக்டரம்மா நிமிர்ந்தார்கள்.

கண்ணைத் திறக்காமலேயே இவர் கேட்டார்: "மேடம், இன்னும் ஆரம்பிக்கலயா?"

இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார்கள். சுகர் கண்ட்ரோலிலேயே இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மாத்திரையைப் பாதி நாள் விழுங்காமலேயே கண்ட்ரோல் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்க்கு நான் விட்ட வசவு தனி, அதை இங்கே எழுத முடியாது. புண் ஆற ரொம்ப நாள் பிடித்தது. கால் தப்பியது.

"மாமாவ போயி சந்தேகப்பட்டியே, ஒரு மன்னிப்புனா கேட்டியாக்கா?" என்று தம்பி கிண்டல் செய்தான். எதற்குக் கேட்க வேண்டும்? நம்புகிற பெண்டாட்டியாக வீட்டில் உட்கார்ந்து பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தால் இந்நேரம் ஒற்றைக் காலோடு உட்கார்ந்திருப்பார். நான் சந்தேகப்பட்டதால் நிற்கிறார். இன்னும் கொஞ்சம் சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

வண்டியை இப்போது தம்பி ஓட்டுகிறான். அது ஒன்றும் இழுக்கவில்லை. இவர் ஷேர் ஆட்டோவிலும் பஸ்சிலும் பாகூர் போய் வருகிறார், பின்னால் வார் வைத்த செருப்போடு.

தினமும் சாயங்காலம் இவர் காலைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறேன். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு விரலாகத் தொட்டு எது என்று கேட்கிறேன். உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது என்று இவர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார். பத்திரமாக வண்டி ஓட்ட முடியும் என்று தம்பியிடம் சாவியைக்கூடக் கேட்டிருக்கிறார்.

நேற்றும் அப்படித்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "ரெடியா?" என்றேன். "ம்" என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சுண்டு விரல்" என்றார் சந்தோஷமாக. "நல்லாவே தெரியுதும்மா."

நான் இன்னும் தொடவே இல்லை.